கடலில்லாத் தீவு

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று குடும்பங்களில் பேச்சு எழும்போதெல்லாம், இக்காலத்தில் பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது ஏதேனும் ஒரு தீவின் பெயராகவே இருக்கிறது. அந்தமானோ, இலங்கையோ, பினாங்கோ, எதுவானாலும் சரி, கடற்கரை ஒன்றும் அதற்கு எட்டும் தூரத்தில் புராதனமான பட்டணம் ஒன்றும் வாய்த்துவிட்டால், பகலில் மணலில் சாய்ந்தும் மாலையில் பழைய தெருக்களில் திரிந்தும் நாலைந்து தினங்களை விச்ராந்தியாகக் கழித்துவிட்டு வரலாம் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் என்னும் பழைய நகரத்தில், 1833ஆம் ஆண்டு தொட்டு மகா மாரியம்மன் ஆலயம் குவீன் தெருவில் நிற்கிறது. அங்கிருந்து சில நிமிஷ நடையில், தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சீனர்கள் வழிபடும் கருணைத் தேவியின் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. தீவின் வடகரைக்குப் போனால் பத்து ஃபெரிங்கிக் கடற்கரை. தமிழ் பேசியே காலை ஆகாரம் முடித்து, கடலில் குளித்து, இரவில் திரும்ப வந்து தமிழ் பேசியே உணவருந்தக் கூடிய அப்படிப்பட்ட தீவை யார்தான் விரும்பமாட்டார்கள்?

ஆயினும், தீவில் நமக்கு வாய்க்கும் அந்த ஓய்வு எங்கிருந்து வருகிறது என்று சற்று ஆராய்ந்தால், அதற்கு மூல காரணம் தீவுக்கு உள்ள எல்லைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு மேல் போவதற்கு நிலமில்லை என்று தெரிந்துவிட்ட இடத்தில், அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று ஓடிக்கொண்டிருந்த மனம் தானாகவே வேகம் குறைகிறது. எந்தத் தெருவின் கோடியிலும் அதே நீர் கண்ணில் படுவதால் திசை தவறிவிடுமோ என்ற கவலை அற்றுப்போகிறது. புறப்பட்ட இடத்திற்கே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடலாம் என்ற நிச்சயம் கால்களுக்கு ஒரு தைரியத்தைத் தருகிறது. இந்த லட்சணங்கள் யாவும் குறைவறப் பொருந்திய ஊர் ஒன்று, புதுவைக் கடற்கரையிலிருந்து சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், வறண்ட நடுநாட்டில் இருக்கிறது. தீவைத் தீவாக்கும் வேலையைக் கடல் செய்வது போல, அந்த ஊரில் அதை மலை செய்கிறது.

திருவண்ணாமலையைத்தான் சொல்கிறேன். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக வருகிறவர்கள், செஞ்சிக் கோட்டையின் குன்றுகளைத் தாண்டி மல்லாட்டைக் கொல்லைகளும் நெல்வயல்களும் மாறி மாறி வரும் சமவெளிக்குள் நுழைந்த சிறிது நேரத்திலேயே, மேற்கு வானத்தில் ஒற்றை முக்கோணமாக அந்த மலை எழுந்து நிற்பதைக் காண்பார்கள். ஜவ்வாது மலைத்தொடர் வடமேற்கே வெகு தூரம் விலகி நிற்க, எந்த மலையோடும் கை கோக்காமல் தனியே நிமிர்ந்து நிற்கிற அதன் உயரம் 2668 அடி. உயரத்தைக் கேட்டு யாரும் பிரமிக்க வேண்டியதில்லை. நீலகிரியிலும் பழனி மலைத்தொடரிலும் இதைப்போல் மூன்று மடங்கு உயர்ந்த சிகரங்கள் இருக்கின்றன. ஆனால் ஊரின் எந்த மூலையில் நின்று நிமிர்ந்தாலும், துணி உலர்த்தும் மொட்டை மாடியிலிருந்தும் பேருந்து நிலையத்து நெரிசலிலிருந்தும் ஒரே அளவில் கண்ணுக்கு முன்னே வந்து நிற்கும் மலை வேறெங்கே இருக்கிறது? ரயிலில் வர விரும்புகிறவர்களுக்கும் இப்போது சௌகரியம் ஏற்பட்டிருக்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல், சென்னைக் கடற்கரை நிலையத்தில் புறப்படும் ரயில் ஒன்று வேலூர் வழியாகத் திருவண்ணாமலை வரை வந்து போகிறது.

வந்து சேர்ந்தவர்கள் செய்யும் பெரிய பிழை, வந்த அன்றே எல்லாவற்றையும் முடித்துவிட முயல்வதுதான். பௌர்ணமி மாலையில் வந்திறங்கி, இலட்சக்கணக்கானவர்களோடு ஒருவராக இரவெல்லாம் கிரிவலம் வந்து, விடியலில் கோயில் வரிசையில் நின்று, பத்து மணிக்குப் பேருந்து ஏறி உறங்கிக்கொண்டே ஊர் திரும்புகிற பக்தர்களின் சிரத்தையை நான் வணங்குகிறேன். அந்தச் சிரத்தைக்கு அதுவே போதுமானது. ஆனால் அவர்களில் எத்தனை பேர் இவ்வூரைப் பார்த்திருப்பார்கள்? பகலில் அந்த மலை என்ன நிறம், காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அதன் மேனியில் நிழல் எப்படி இடம் மாறுகிறது, பெரிய தெருவில் எந்த வீட்டுத் திண்ணை இன்னும் மிஞ்சியிருக்கிறது என்பதெல்லாம் தங்கினால் மட்டுமே தெரியக்கூடியவை.

பழைய நகரம் மலையின் கிழக்கு அடிவாரத்தில், கோயிலைச் சுற்றி அமைந்திருக்கிறது. தேரடி வீதி, திருவூடல் தெரு, வட ஒத்தவாடைத் தெரு, பே கோபுரத் தெரு, சின்னக்கடைத் தெரு என்று அதன் வீதிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே நடந்தால் பாதி ஸ்தல புராணமும் பாதிச் சரித்திரமும் கூடவே வந்துவிடும். மாட்டுப் பொங்கல் நாளில் சுவாமிக்கும் அம்பாளுக்கும் ஊடல் நிகழ்வதாக உற்சவம் நடத்துவதற்கென்றே ஒரு தெருவுக்குத் திருவூடல் என்று பேரிட்டு வைத்திருக்கும் ஊரின் இலக்கிய ரசனையை என்னென்பது! தேரடி வீதியில் காலை வேளையில் பூக்கடைகளின் முன்னே தண்ணீர் தெளிக்கப்பட்டிருக்கும். இட்லியும் பொங்கலும் ஆவி பறக்கும் சிறிய கடைகளில், வெளியூர் முகத்தைக் கண்டதும், ‘மலை சுத்த வந்தீங்களா?’ என்று கேட்காமல் யாரும் தட்டை வைக்கமாட்டார்கள். அவசரமில்லாதவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி, அடுத்த பேச்சையும் தொடரலாம்.

கோயிலுக்குள் செல்வதற்கு நான் சிபாரிசு செய்வது நடை திறந்த புதிதில், அதிகாலை வேளையை. ஏறத்தாழ இருபத்தைந்து ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் அந்த மகாலயத்தில், ஒன்பது கோபுரங்களில் எதை முதலில் பார்ப்பது என்று திகைக்காமல், ஒரு நாளைக்கு ஒரு பிராகாரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கிழக்கே உள்ள ராஜகோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்டது. விஜயநகரச் சக்கரவர்த்தி கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அத்திருப்பணியைத் தஞ்சையின் முதல் நாயக்க மன்னரான சேவப்ப நாயக்கர் நிறைவேற்றி வைத்தார். ஆயிரங்கால் மண்டபமும், அதற்கெதிரே சிவகங்கைத் தீர்த்தமும் ராயர் அளித்தவையே. அந்த மண்டபத்துக்குள் இருக்கும் பாதாள லிங்கத்தின் இருட்டறையில்தான், 1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் தேதி மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்து சேர்ந்த பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமன், பூச்சிகள் கடிப்பதும் உணராமல் அமர்ந்திருந்தான். பின்னாளில் பகவான் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர் இருந்த அந்த இடம் செப்பனிடப்பட்டபோது, 1949இல் அதைத் திறந்து வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வடக்கே அம்மணி அம்மன் கோபுரம், ராஜாக்கள் எவரும் எழுப்பியதன்று; வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டிய ஒரு தபஸ்வினியின் பெயரால் நிற்பது. உள்ளே கிளி கோபுரத்தையும் கம்பத்திளையனார் சந்நிதியையும் அருணகிரிநாதரின் வரலாற்றோடு சேர்த்தே ஊரார் சொல்வார்கள்.

ஆனால் கோபுரங்கள் எல்லாவற்றிலும் என் நெஞ்சைத் தொடுவது வல்லாள மகாராஜா கோபுரம். அதன் பெயருக்குரியவன் போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன். வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளால் துவாரசமுத்திரம் நிலைகுலைந்த பிறகு, திருவண்ணாமலையைத் தன் தலைநகராகக் கொண்டு, தள்ளாத வயதிலும் போர் புரிந்து, 1342ஆம் ஆண்டை ஒட்டி மதுரைச் சுல்தானால் கொல்லப்பட்ட அவனுடைய முடிவை, அக்காலத்தில் மதுரைக்கு வந்திருந்த யாத்திரிகர் இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். சரித்திரம் அதோடு நின்றுவிடுகிறது. ஊர் நிற்கவில்லை. பிள்ளையில்லாத அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்று நம்பி, மகன் தந்தைக்குச் செய்யும் கடனை அவரைக்கொண்டே இன்றளவும் செய்வித்து வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு கிராமத்துக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் தீர்த்தவாரி நடத்தி, வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். தோற்ற மன்னனை அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வளவு பிரியத்தோடு நினைத்துக்கொண்டிருக்கும் வேறோர் ஊரை நான் அறியேன். மாசியில் வர நேர்ந்தால், கோயிலில் ஒரு தரிசனத்தைக் குறைத்துக்கொண்டாவது அந்தக் கிராமத்துக்குப் போய் வாருங்கள்.

தீவில் கடலுக்குப் போவதைப் போல இங்கே மலைக்குப் போக வேண்டும். செங்கம் சாலையிலுள்ள ஸ்ரீ ரமணாச்ரமத்தின் பின்புறத்திலிருந்து கல் பாவிய பாதை ஒன்று மேலே செல்கிறது. மெதுவாக நடந்தாலும் முக்கால் மணி நேரத்துக்குள் கந்தாச்ரமத்தை அடைந்துவிடலாம். 1916 முதல் 1922 வரை மகரிஷி தம் அன்னையாரோடு வாழ்ந்த இடம் அது. அங்கே சுனை நீர் கிடைக்கும், மர நிழல் கிடைக்கும். போகிற வழியில் ஒரு பாறை முனையில் நின்றால், கீழே ஆலயம் முழுவதும், அத்தனை கோபுரங்களும் பிராகாரங்களும் தீர்த்தங்களுமாக, ஒரே பார்வையில் அடங்கித் தெரியும். கந்தாச்ரமத்திலிருந்து சற்றுக் கீழிறங்கினால் விரூபாட்ச குகை. அதில் அவர் 1899இலிருந்து 1916 வரை, பதினேழு வருஷம் இருந்தார். அங்கிருந்து பே கோபுரத் தெருவுக்கு இறங்கிவிடலாம். அப்படி இறங்குகையில் மலைச்சரிவில் ஏறி வந்திருக்கும் வீடுகளின் வாசல்கள் வழியாகவே நடக்க நேரும். ஊருக்குள்ளேயே பவழக்குன்று என்று சிறியதொரு குன்று இருக்கிறது. மகனைத் தேடி 1898இல் வந்த தாய் அழகம்மாள், வீட்டுக்குத் திரும்பி வரும்படி அழுது மன்றாடியது அந்தக் குன்றின்மேல்தான். மௌனத்திலிருந்த மகன் ஒரு காகிதத்தில் பதில் எழுதிக் கொடுத்தார். தாய் அவரில்லாமலே திரும்பினாள். பின்னர் அவளே வந்து, கந்தாச்ரமத்தில் மகனோடு தங்கி, அங்கேயே முக்தியடைந்தாள் என்பதை அறிந்தவர்களுக்கு, இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள சிறு தூரம் மிகப் பெரிதாகத் தோன்றும்.

ஆச்ரமத்தில் மத்தியான வேளை மயில்களும் குரங்குகளும் மனிதர்களும் ஒரே முற்றத்தில் நிழல் தேடுகிற நேரம். 1930களின் தொடக்கத்தில் பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் இங்கே வந்து போய் எழுதிய நூல் 1934இல் வெளியாகி மேலைநாட்டார் பலரை இவ்வூருக்கு அழைத்து வந்தது. நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938இல் வந்தார். இன்றைக்கும் தை மாதத்தில் ஆச்ரமத்தின் பக்கம் போனால் எத்தனையோ தேசத்து மக்கள், சைக்கிளில் காய்கறி வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் தங்கி வாழ்வதைக் காணலாம். அவர்கள் நம்மவர்களைவிட ஒரு விஷயத்தில் சூட்சுமம் அறிந்தவர்கள். ஓய்வுக்கு வந்த ஊரில் வேறெங்கும் போகாமல் இருக்க அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். ஒரே மூச்சில் சுற்றி முடிக்க வேண்டுமென்ற நியமம் பக்தர்களுக்கு உரியது; ஓய்வுக்கு வந்தவர்கள் அதை இரண்டு மூன்று காலைகளாகப் பிரித்துக்கொண்டால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது. இந்திரன் முதல் ஈசானன் வரை எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள் வழி நெடுக இருப்பதால், எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று மறந்துவிடவும் வழியில்லை. செங்கம் சாலையை விட்டு வலப்புறம் திரும்பியதும் வாகன ஓசை குறைந்து, மலையின் முகம் மாறத் தொடங்கும். ஊரிலிருந்து ஒற்றைச் சிகரமாகக் கண்ட அதே மலை, நடக்க நடக்க இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, குபேர லிங்கத்தைத் தாண்டிய இடத்தில் ஐந்து முகமாகத் தரிசனம் தருகிறது. வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவே அடி அண்ணாமலை என்னும் கிராமம் வரும். அங்கே ஒரு பழைய சிவாலயமும், மாணிக்கவாசகருக்கென ஒரு சிறு கோயிலும் இருக்கின்றன. திருவெம்பாவை பாடப்பெற்றது இங்கேதான் என்பது மரபு. மார்கழி மாதத்தின் விடியலில், தமிழ்நாடெங்கும் ஒலிக்கும் அப்பாடல்களை அவை பிறந்த கிராமத்திலேயே இருந்து கேட்கும் பாக்கியத்துக்காகவே இங்கு இரண்டு நாள் தங்கலாம்.

நீர்நிலை இல்லாமல் விடுமுறை ருசிக்காது என்பவர்களுக்கும் வழியுண்டு. மலையின் தென்மேற்கே சமுத்திரம் என்ற பெயருடைய ஏரி இருக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் அதன் கரையில் நின்று மலையைப் பார்ப்பது ஒரு காட்சி. மேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், தென்பெண்ணையாற்றின் குறுக்கே காமராஜர் ஆட்சிக் காலத்தில் கட்டி 1958இல் முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை. பூங்காவும் முதலைப் பண்ணையும் குழந்தைகளுக்கு. அணை வாசலில் அப்போதே பிடித்து அப்போதே வறுத்துக் கொடுக்கும் மீன் பெரியவர்களுக்கு.

மீன் என்றதும் நினைவுக்கு வருவதைச் சொல்லாமல் விட முடியாது. கார்த்திகைத் தீபத் திருநாளில், அதிகாலையில் கோயிலுக்குள் பரணி தீபம் ஏற்றி, மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் மகா தீபம் ஏற்றுகிறார்களே, அந்த மலைத் தீபத்தை ஏற்றும் உரிமை பரம்பரையாகப் பர்வதராஜ குலத்தாருடையது. அவர்கள் மீன்பிடித் தொழிலை மரபாகக் கொண்டவர்கள். கடலே இல்லாத ஊரில், ஏரியும் ஆறும் நம்பி வாழ்ந்த மக்கள், ஆளுயரக் கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் வார்த்து, பாகம் பாகமாகக் காடாத் துணித் திரியிட்டு ஏற்றும் அந்தச் சுடர் பதினொரு நாள் எரிகிறது. ஏழாம் நாள் தேரோட்டத்தில் ஐந்து தேர்கள் மாட வீதிகளில் ஓடும். அவற்றில் அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர் சிறுமியரும் மட்டுமே இழுப்பார்கள். இவற்றையெல்லாம் வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஆனால் ஓய்வுக்கு அந்த நாட்கள் ஏற்றவையல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, பெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் வீடொன்றின்மேல் பாறையும் சேறும் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அதையடுத்து வந்த தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த இந்த ஊர், இப்போது மாநகராட்சியாகிவிட்டது. ஒரு பௌர்ணமி இரவில் ஊர் ஜனத்தொகையைப்போல் பல மடங்கு ஜனங்கள் வந்து போகிறார்கள். தங்குமிடங்களும் கடைகளும் கிரிவலப் பாதை நெடுகப் பெருகிவிட்டன. மலையை நாடி வருகிற நாமே மலைக்குப் பாரமாகிவிடக் கூடாது. தடுத்த பாதையில் ஏறுவதும், பிளாஸ்டிக் புட்டிகளைப் பாறை இடுக்குகளில் விட்டு வருவதும், கற்பூரம் கொளுத்திக் காய்ந்த புல்லைத் தீக்கிரையாக்குவதும் பக்தியும் ஆகாது, உல்லாசமும் ஆகாது. கோடையில் இம்மலைக் காடு தீப்பிடித்து எரிந்ததைப் பார்த்தவர்கள், எத்தனை ஆண்டு நட்டு வளர்த்த செடிகள் ஒரு மாலையில் கரிந்து போகும் என்பதை அறிவார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். பங்குனி, சித்திரையின் வெயிலில் வராதீர்கள். பாறையின் சூடு இரவிலும் தணியாது. பௌர்ணமியையும் தீப நாட்களையும் நேர்த்திக்கடன் உள்ளவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். ஆச்ரமங்களில் தங்க விரும்பினால் பல வாரங்கள் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். தண்ணீருக்குச் சொந்தமாக ஒரு பாத்திரம் கொண்டு வாருங்கள். கொண்டு வந்ததையெல்லாம் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். தை மாதத்தில், விசேஷம் எதுவுமில்லாத ஒரு புதன்கிழமை வந்திறங்கி, அடுத்த திங்கட்கிழமை வரை தங்குங்கள்.